கண்மாய்க் கரையும் கார்னிஷ் ரோடும்

கரிசல் காட்டில் நடந்தே வளர்ந்தவர்கள், வெளிநாடு போய் ‘வாக்கிங்’ பழகுகிறார்கள். லீவில் ஊருக்கு வந்தால் நடக்க இடம் தேடுகிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை.

துபாயில் காலை 5 மணி என்றால் அருப்புக்கோட்டையில் 6:30. அங்கே தேரா பக்கம் கடலோர நடைபாதையில் தம்பி வேகவேகமாக நடந்துகொண்டிருப்பார். இங்கே மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையின் ஓரத்தில், பின்னால் வரும் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி அண்ணன் நடந்துகொண்டிருப்பார். இருவருக்குமே சர்க்கரை. இருவருக்கும் டாக்டர் எழுதிக்கொடுத்த முதல் மருந்து, தினமும் அரை மணி நேர நடை. தம்பிக்கு நடக்க ஓர் இடம் இருக்கிறது. அண்ணனுக்கு அது இல்லை. இந்த வட்டாரத்தில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பியிருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தக் கதை பொருந்தும்.

அதற்காகத் தம்பியின் வாழ்க்கை சொகுசு என்று நினைத்துவிட வேண்டாம். அந்த அரை மணி நேரத்தை அவர் எப்படிச் சேமிக்கிறார் என்பதே தனிக் கதை.

காட்டு வேலை இருந்தவரை...

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி என நீளும் இந்த நிலம் வானம் பார்த்த பூமி. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிய மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, மல்லி. எதுவும் இல்லையென்றால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலை. 2018-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டு: ஒன்று விருதுநகர், மற்றது ராமநாதபுரம்.

இந்த ஊரில் உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. வெள்ளென எழுந்து காட்டுக்கு நடப்பார்கள். களை வெட்டுவார்கள், பருத்தி எடுப்பார்கள், பொழுது சாய விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே திரும்புவார்கள். குடத்துடன் தண்ணீருக்கு நடந்த தூரம் தனிக் கணக்கு. டவுனில் நெசவாளி தறிக்குழியில் உட்கார்ந்து நாள் முழுக்க மிதி மிதித்தார். இன்று அந்த உழைப்பில் பெரும்பகுதி போய்விட்டது. உழவுக்கு டிராக்டர், அறுவடைக்கு இயந்திரம், நெசவுக்கு விசைத்தறி, பக்கத்துத் தெருவுக்குப் போக டூவீலர். சாப்பாடு மட்டும் குறையவில்லை. கம்பங்கூழ் போய் மூன்று வேளையும் அரிசி வந்தது.

அதன் விளைவைக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவிகிதம். 2024-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வு, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாமல் இருக்கிறார்கள் என்கிறது. 2000-ல் இது 22 சதவிகிதமாக இருந்தது.

நடந்தே அக்கரை போனவர்கள்

இந்த மண்ணிலிருந்து கடல் கடப்பது புதிதல்ல. 1985-ல் பிரிக்கப்படும்வரை இந்த வட்டாரம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. மழை பொய்த்தபோதெல்லாம் அந்தச் சீமையே இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆள் அனுப்பியது. 19-ஆம் நூற்றாண்டில் கங்காணிகளின் பின்னே இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கும் மேல் மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914-ல்தான்.

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் தாண்டி அஸ்ஸாம், மணிப்பூர் நோக்கி நடந்தார்கள். தமிழர்களும் அதில் உண்டு. அந்தத் தலைமுறைக்கு நடை என்பது உயிர் பிழைக்கும் வழி. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இப்போது மருத்துவர் நடையைச் சீட்டில் எழுதிக்கொடுக்கிறார்.

வளைகுடாவில் ஒரு நாள்

கட்டுமான வேலைக்குப் போனவரின் நாள் இருட்டில் தொடங்குகிறது. அதிகாலை 4 மணிக்குக் குளியலறை வரிசை, 5 மணிக்கு கம்பெனி பஸ், சைட்டுக்குப் போகவே ஒரு மணி நேரம். வேலை முடிந்து கேம்ப் திரும்பி, சமைத்துச் சாப்பிட்டு, துணி துவைத்துப் படுக்க இரவு 10 ஆகும். ஓவர்டைம் உண்டென்றால் இன்னும் நேரமாகும். இவருக்கு உடற்பயிற்சி தேவையில்லை. தேவைப்படுவது தூக்கமும் நிழலும் தண்ணீரும்தான்.

டிரைவர், காசாளர், ஸ்டோர் கீப்பர், அலுவலக ஊழியர் ஆகியோரின் நிலை வேறு. பன்னிரண்டு மணி நேரம் ஏ.சி.யில் உட்கார்ந்த வேலை. இரவில் மெஸ் சாப்பாடு. அது பிடிக்காத நாளில் பரோட்டா, பிரியாணி, கூடவே ஒரு குளிர்பானம். அறையில் நான்கைந்து பேர். சுவரோரக் கட்டிலும் தலைமாட்டுப் பெட்டியும்தான் சொந்த இடம். ஊரில் கபடி ஆடிய உடம்பு இரண்டே வருடத்தில் தொப்பை போடுகிறது. வெயில் கொட்டும் நாட்டில் இருந்தும் ரத்தப் பரிசோதனையில் ‘வைட்டமின் டி குறைவு’ என்று வருகிறது. வெயில் உடம்பில் பட்டால்தானே! சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 கணக்கில், குவைத்தில் வயது வந்தோரில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் அதுவும் ஒன்று.

இப்படிப்பட்டவர்களை நடக்க வைப்பது பல நேரம் வீட்டு நினைப்புதான். அறையில் நால்வர் இருக்கும்போது மனைவியிடம் மனம்விட்டுப் பேச முடியாது. போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறார்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு கிடைக்காது என்பதால் போட்டிம் செயலி. மகளின் மார்க், கூரை ஒழுகல், மாமனாரின் கண் ஆபரேஷன் என்று பேசி முடிப்பதற்குள் மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. ஸ்மார்ட்போன் காட்டும் அடிக்கணக்கில் பாதி, ஊருடன் பேசியபடி நடந்ததுதான்.

அந்த வெயில் வேறு

“கரிசக்காட்டு வெயிலைப் பாத்த எங்களுக்கு இது ஒரு வெயிலா?” என்கிற தைரியத்தோடு போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நம் ஊர்க் கோடையில் பெரும்பாலும் காற்று உலர்ந்திருக்கும். வியர்வை உடனே காய்ந்து, உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வளைகுடாக் கடற்கரையில் ஜூலை, ஆகஸ்டில் காற்றே ஈரமாக இருக்கும். வியர்வை வழியுமே தவிர, காயாது. உள்சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். இரவிலும் வெப்பம் 30 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு.

இதற்காகவே அங்கே சட்டம் இருக்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12:30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது. கத்தார் 2021-ல் விதியை இன்னும் கடுமையாக்கியது: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் மாலை 3:30 வரை தடை. அதுமட்டுமல்ல, வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். சவுதி, குவைத், ஓமனிலும் இதேபோன்ற கோடைத் தடைகள் உண்டு. ஊருக்குப் பேசும் பிள்ளை “மத்தியானம் ரெஸ்ட்டு” என்று சொன்னால், அது இந்தச் சட்டம் தந்த ஓய்வு.

தண்ணீர் குறைவாகக் குடித்து, வருடக்கணக்கில் வெயிலில் உழைப்பவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவதை மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்து வருகிறார்கள். கோடையில் வெயிலுக்கு ஒதுங்கி, நவம்பர் முதல் மார்ச் வரை வெளியில் நடப்பது அங்கே பழகியவர்களின் வழி. அந்த ஐந்து மாதமும் மாலைக் காற்று நம் மார்கழி போல இருக்கும்.

நடக்க வைக்கும் நகரங்கள்

பாலைவனத்தில் கட்டிய நகரங்கள் நடப்பவருக்காக இடம் ஒதுக்கியிருப்பது நாம் யோசிக்க வேண்டிய செய்தி. கத்தாரில் தோஹாவின் கார்னிஷ் என்கிற கடலோரச் சாலை சுமார் 7 கிலோமீட்டர் வளைந்து போகிறது. துபாயில் அல் மம்சார், ஸபீல் பூங்கா, ஜுமேரா கடற்கரை ஓட்டப்பாதை. சைக்கிள்காரர்களுக்கு அல் குத்ரா. விளக்கு, குடிநீர், கழிப்பறை, உட்கார பெஞ்சு எல்லாம் உண்டு. ரம்ஜான் மாதத்தில் நள்ளிரவுக்குப் பிறகும் குடும்பங்கள் நடக்கும்.

கத்தார் 2012 முதல் பிப்ரவரி மாத இரண்டாவது செவ்வாயை தேசிய விளையாட்டு தினமாக்கி, பொது விடுமுறையே விடுகிறது. துபாய் 2017-ல் தொடங்கிய ‘ஃபிட்னஸ் சேலஞ்ச்’, 30 நாட்களுக்கு நாளொன்றுக்கு 30 நிமிட உடற்பயிற்சி என்கிறது. அதன் இறுதியில் ஷேக் சாயித் சாலையில் கார்களை நிறுத்திவிட்டு மக்களை ஓடவிடுகிறார்கள். 2025 ஆகஸ்டில், வெளியே கால் வைக்க முடியாத கோடையில், பெரிய மால்கள் சிலவற்றைக் காலையில் நடப்பவர்களுக்காகவே திறந்துவிட்டார்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பளபளக்கும் கார்னிஷ் இருக்கும் இடத்திலிருந்து தொழிலாளர் கேம்ப் வெகுதூரம். துபாயின் சோனாபூரிலோ தோஹாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலோ இருப்பவர் கடலைப் பார்ப்பது வாரத்தில் ஒருநாள், அதுவும் பஸ் கிடைத்தால். நடைபாதை எல்லோருக்கும் பொது. அங்கே போக நேரம் எல்லோருக்கும் இல்லை.

சிங்கப்பூரிலும் இதே நிலைதான். பூங்காக்களை இணைக்கும் நடை, சைக்கிள் பாதைகள் அந்தச் சின்னத் தீவில் 300 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் நம் பையன்கள் தங்கும் டார்மிட்டரிகள் ஊர் ஓரத்தில். 2020-ல் கொரோனா வந்தபோது சுமார் 3 லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் அந்தக் கட்டடங்களுக்குள்ளேயே அடைபட்டார்கள். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போகத் தனி அனுமதி வாங்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. காக்கி புக்கிட், கிராஞ்சி, பெஞ்சுரு போன்ற இடங்களில் தொழிலாளர்களுக்கான பொழுதுபோக்கு மையங்கள் உண்டு. ஞாயிறன்று கிரிக்கெட் மட்டையோடு அங்கே நிற்கும் கூட்டத்தில் தமிழ்க் குரல் கேட்காமல் இருக்காது.

பெண்களின் நடை

குடும்பத்தோடு போனவர்களின் மனைவிமார் நிலை வேறு. கணவர் வேலைக்கு, பிள்ளை பள்ளிக்கு. நாள் முழுதும் இரண்டு அறைக்குள் வாழ்க்கை. பேச ஆள் இல்லை, ஓட்ட வண்டி இல்லை. ஆனால் இரவு 9 மணிக்குப் பூங்காவில் தனியாக நடக்கலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ட்ராக் பேன்ட் போட்டு நடக்கும் சுகத்தை இவர்களில் பலர் முதல்முறையாக அனுபவிப்பது அங்கேதான். லீவில் வந்தால் அது நின்றுவிடுகிறது. “பொழுது போன பின்னாடி பொம்பளப் பிள்ளைக்கு ரோட்டுல என்ன வேலை?” என்கிற கேள்வி வாசலிலேயே நிற்கிறது. லான்செட் ஆய்வும் இதையே எண்ணில் சொல்கிறது: இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத ஆண்கள் 42 சதவிகிதம், பெண்கள் 57 சதவிகிதம். சோம்பலில் ஆணும் பெண்ணும் ஒன்றுதான். இந்த 15 சதவிகிதப் புள்ளி இடைவெளிக்கு, தெருவில் பெண்ணுக்கு இடமில்லாததும் ஒரு காரணம்.

திருச்சுழிக்காரர் காட்டிய பாதை

வெளிநாட்டுக்காரர் இங்கே வந்து நடந்த கதையும் உண்டு. அதன் வேர் திருச்சுழியில் இருக்கிறது. திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வேங்கடராமன், 1896-ல் மதுரையிலிருந்து கிளம்பி, வழியில் காசு தீர்ந்து கொஞ்ச தூரம் நடந்தும் கொஞ்ச தூரம் ரயிலிலுமாகத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அவரே ரமண மகரிஷி. 1926 வரை அடியார்களோடு மலையைச் சுற்றி நடந்தார். 1935-ல் வந்து, 1962-ல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்த ஆங்கிலேய ராணுவ மேஜர் சாட்விக், 1936-ல் வந்த இராக்கில் பிறந்த கோஹன் என்று பலரும் அந்த மலையடியில் வீடு கட்டினார்கள். இன்றும் மாதக்கணக்கில் அறை எடுத்துத் தங்கி, விடியலில் மலை சுற்றும் வெளிநாட்டினரை அங்கே பார்க்கலாம்.

அவர்களை நடக்க வைப்பதில் பக்தியோடு பாதைக்கும் பங்கு உண்டு. 14 கிலோமீட்டர் சுற்றளவில் மண்டபம், குளம், மரநிழல், விளக்கு என்று நடப்பவரை மனதில் வைத்துக் காலங்காலமாகப் பேணிய பாதை அது. நடைபாதை என்பது மேல்நாட்டு இறக்குமதி என்பவர்களுக்குக் கிரிவலப் பாதை ஒன்றே பதில்.

புதிதாகக் கிளம்புகிறவர்களுக்கு

* புது வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஓட்டம், கடும் பயிற்சி வேண்டாம்.
* கோடையில் விடியலுக்கு முன் அல்லது இரவில் நடங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை.
* தலைசுற்றல், குமட்டல், வியர்வை திடீரென நிற்பது, பேச்சு குழறுவது போன்றவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குப் போய் உடம்பை நனைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.
* கண்ட இடத்தில் சாலையைக் கடக்காதீர்கள். அமீரகத்தில் அதற்கு 400 திர்ஹம் அபராதம். விபத்து நேர்ந்தால் சிறையும் நேரலாம்.
* பூங்காவிலும் கடற்கரையிலும் பிறர் குடும்பத்தைப் படம் எடுக்காதீர்கள். வழக்காகிவிடும்.
* பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டும் என்று கவலைப்பட வேண்டாம். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரால் பரவிய எண் அது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. நாளுக்கு 20, 25 நிமிட வேக நடை போதும்.
* கிளம்பும் முன்பும், ஒவ்வொரு லீவிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஊரில் எங்கே நடப்பது?

லீவுக்கு வந்தவர் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். கல்லூரி மைதானம், ரயில்வே பிளாட்பாரம், பைபாஸ் ஓரம் என்று டவுனில் இருக்கும் வழிகள் கைவிரலில் அடங்கும். கிராமம் என்றால் தார்ரோடு மட்டுமே. இருட்டில் எதிரே வரும் டிப்பருக்கு நடப்பவர் தெரியமாட்டார். தமிழக அரசு 2023 நவம்பர் 4-ல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது. நல்ல தொடக்கம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால் நரிக்குடிக்காரர் நடக்கவே பஸ் ஏற வேண்டும்.

இந்த வட்டாரத்துக்குப் புதிதாக நிலம் எடுக்கத் தேவையில்லை. ஊருக்கு ஊர் கண்மாய் இருக்கிறது, கண்மாய்க்குக் கரை இருக்கிறது. ஒன்று, இரண்டு கிலோமீட்டர் நீளும் மேட்டுப் பாதை; ஒரு பக்கம் நீர்ப்பிடிப்பு, மறு பக்கம் வயல். வண்டி வராது. மழைக்குப் பின் பறவைகள் வரும். இன்றைக்குப் பல கரைகளில் கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும் குப்பையும் இருப்பதால்தான் அங்கே யாரும் கால் வைப்பதில்லை.

கோவையில் உக்கடம் பெரியகுளத்தையும் வாலாங்குளத்தையும் நடைபாதையோடு சீரமைத்தார்கள். அது ஸ்மார்ட் சிட்டித் திட்டப் பணம். நமக்கு அத்தனை அலங்காரம் வேண்டாம். சிமென்ட் தளமும் செல்ஃபி மேடையும் போட்டு நீர்ப்பிடிப்பைக் குறைத்தால் கண்மாயும் கெடும். முள்ளை வேரோடு அகற்ற வேண்டும், கரையை மண்ணிட்டு உயர்த்தி இறுக்க வேண்டும், மடையும் கலுங்கும் அடைபடாமல் இருக்க வேண்டும், ஓரத்தில் பனை நட வேண்டும், நான்கைந்து சோலார் விளக்கு வேண்டும். கரை பலப்பட்டால் தண்ணீர் நிற்கும். ஆள் நடமாட்டம் இருந்தால் ஆக்கிரமிப்பும் குப்பையும் குறையும். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழ் உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம் இருக்கிறது. கேட்க வேண்டிய இடம் தெளிவாகவே இருக்கிறது.

வெளிநாட்டுப் பணம் இந்த ஊர்களில் கோயில் கோபுரமாகவும் மாடி வீடாகவும் நிறையவே நிற்கிறது. அடுத்த லீவில் வரும் தம்பிமார்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரு கோரிக்கையை எழுந்து சொல்லட்டும். கிராம சபையில் அதைத் தீர்மானமாக்கட்டும்: நம் கண்மாய்க் கரையில் ஆணும் பெண்ணும் பயமில்லாமல் நடக்க ஒரு பாதை வேண்டும். சர்க்கரை மாத்திரைக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.